தடியால் குத்தினால் தண்ணீர் வடியும், பனி வடியாது

எங்களுக்கு முகாம் எண்ட சொல்லைக் கேட்டால் ஒன்றில் ஆமி ஞாபகம் வரும், இல்லாட்டி அகதி ஞாபகம் வரும். ஆசைப்பட்டு, காசு கட்டி, கூடாரத்துக்குள் போய்ப் படுக்கிற இடத்துக்கும் அதே சொல்லைப் போட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க காம்ப்சைற் எண்டே எழுதப்போகிறேன். தனித்தமிழ்க்காரர் கோபிக்க வேண்டாம்.

கனடாவில் படிக்கப்போன காலத்தில் இரண்டு பனிக்காலம் அப்படியொரு காம்ப்சைற்றில் சனி ஞாயிறு வேலை செய்தேன். ரொறன்ரோவிலிருந்து வடக்கே இரண்டரை மணித்தியாலக் கார் ஓட்டம், ஜோர்ஜியன் விரிகுடாப் பக்கம். பனிக்காலத்தில் ஆர் கூடாரம் அடிச்சுப் படுப்பினம் எண்டு கேட்பீர்கள். படுக்கினம். அல்கொன்குயின் பூங்காவில் மியூ லேக் எண்ட இடம் வருசம் முழுக்கத் திறந்திருக்கும். சைபருக்குக் கீழே இருபது பாகையிலும் சனம் பிள்ளைகளோடு வருகிறது. எங்களுடையது அரச பூங்கா இல்லை, தனியார் ஒருவரின் சின்ன இடம். பேர் வேண்டாம். முதலாளி கெட்டவர் இல்லை. கெட்டவர் எண்டால் இந்தக் கட்டுரை எழுதுவது இன்னும் சுகமாக இருந்திருக்கும்.

நான் எழுத வந்தது அங்கே நிண்ட ஒரு களஞ்சியக் கூடாரத்தைப் பற்றி. இரும்புக் குழாய்களைக் கொழுவி வளைவு வளைவாக நிறுத்தி, அதுக்கு மேலே பொலித்தீன் துணியை இழுத்துக் கட்டுகிற சாமான். பெட்டிக்குள் மடிச்சு வரும். பன்னிரண்டு அடி அகலம், இருபது அடி நீளம். ஒக்ரோபர் மாதம் ஒரு பின்னேரத்தில் மூன்று பேர் சேர்ந்து நிறுத்திப்போட்டோம். விறகு, பனிச்சப்பாத்துகள், பனி அள்ளுகிற மெசின், பெற்றோல் கான், வாடகைக்குக் கொடுக்கிற சறுக்குத் தடிகள், மடக்குக் கதிரைகள் எல்லாம் உள்ளே. பெட்டியில் நாலு பருவத்துக்கும் உகந்தது எண்டு பெரிய எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே இருந்த கையேட்டிலோ, இது தற்காலிகக் கட்டமைப்பு, பனி தேங்க விடக்கூடாது, உடனுக்குடன் அகற்ற வேண்டும் எண்டு சின்ன எழுத்தில் இருந்தது. இரண்டுமே ஒரே கொம்பனி அச்சடித்தவைதான்.

என்ரை கருத்தை இப்பவே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை இழுத்தடிக்கவில்லை. பனி கொட்டுகிற ஊரில், இராத்திரிக் காவலுக்கு ஆள் இல்லாத காம்ப்சைற்றில், அந்தக் கூடாரம் நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு நிற்கக்கூடாது. துணியைக் கழற்றி மடிச்சு வைக்க வேண்டும். கழற்ற மனமில்லாவிட்டால் அது ஒரு கட்டடம் எண்டு ஒத்துக்கொண்டு, கட்டடத்துக்குச் செய்கிற எல்லாத்தையும் அதுக்கும் செய்ய வேண்டும். கூடாரம் எண்டு சொல்லிக் காசை மிச்சம்பிடித்துக்கொண்டு கட்டடத்தின் வேலையை அதிடம் வாங்குவது ஆராவது ஒரு ஆளின் தலையில்தான் முடியும். எங்கள் இடத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் முடிஞ்சது.

கொண்டு திரியலாம் எண்டதுதான் இந்தச் சாமானை விற்கிற முதல் வார்த்தை. ஒக்ரோபரில் அது உண்மை. டிசம்பரில் பொய். நிலத்துக்குள் திருகி இறக்குகிற நங்கூரக் கம்பிகள், நிலம் உறைஞ்ச பிறகு இறங்கவும் மாட்டாது, ஏறவும் மாட்டாது. ஓரத்துணியில் வடிஞ்ச ஈரம் ஐஸாகி நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். கோடரியால் கொத்தினால் துணி கிழியும். சிப் உறையும். மெழுகுதிரியைத் தேய்த்தால் கொஞ்சம் இளகும், அதுவும் எல்லா நாளும் இல்லை. காற்று ஒரு பக்கமாக அடிச்சு ஒரு காலைத் தூக்கிவிட்டால், அந்தக் காலைத் திரும்ப இறுக்குவதற்கு ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும். அதாவது பனிக்காலம் முழுக்க அது அசையாத சாமான். ஆனால் அசையாத சாமானுக்கு இருக்க வேண்டிய அத்திவாரம் அதுக்கு இல்லை.

இனிப் பாரக் கணக்கு. பள்ளிக்கூடத்தில் அடர்த்தி படிக்கும்போது இது எதுக்கு உதவும் எண்டு கேட்ட ஆள் நான், அதனால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். புதுசாக விழுந்த பனி பஞ்சுமாதிரி இருக்கும். ஒரு கன மீற்றர் ஐம்பது முதல் நூறு கிலோ வரை வரும். நூறு எண்டு வைப்போம். எங்கள் கூடாரம் நிலத்தில் பிடிக்கிற இடம் ஏறத்தாழ 22 சதுர மீற்றர். அதில் 30 சென்ரிமீற்றர் புதுப் பனி நிண்டால் 660 கிலோ. ஐம்பது கிலோ சீமெந்துப் பையாகப் பாத்தால் பதின்மூன்று பை. சரி, குழாய் தாங்கும் எண்டு வையுங்கோ. ஆனால் பனி விழுந்தபடியே பஞ்சாக இருக்காது. இரண்டு நாளில் அமுங்கும். அதுக்கு மேலே மழை பெய்தால் கடற்பஞ்சு தண்ணி குடிக்கிறமாதிரிக் குடிக்கும். ஒரு கன மீற்றர் முந்நூறு கிலோவுக்கு ஏறிவிடும். பாத்தால் உயரம் குறைஞ்சு இருபது சென்ரிமீற்றர்தான் தெரியும். "பரவாயில்லை, இறங்கியிட்டுது" எண்டு நாங்களும் சொல்லுவோம். நிறுத்துப் பாத்தால் 1,300 கிலோவுக்கு மேலே. இருபத்தாறு பை சீமெந்து, பெருவிரல் மொத்தக் குழாயில்.

கனடாவின் தேசியக் கட்டடக் கோவையில் ஊருக்கு ஊர் பனிப்பாரம் போட்டு வைச்சிருக்கிறார்கள். நெடுங்காலம் அட்டவணையில் இருந்த எண்களின்படி ரொறன்ரோவுக்கு நிலத்துப் பனிப்பாரம் ஏறத்தாழ 0.9 கிலோபஸ்கல், ஒட்டாவாவுக்கு 2.4. ஒரு கிலோபஸ்கல் எண்டால் சதுர மீற்றருக்கு நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. ரொறன்ரோ கடையில் நிண்டு வாங்குகிற சாமானை வடக்கே கொண்டுபோனால் அது வேறை நாட்டுக்குக் கொண்டுபோனமாதிரி. ஏரிக்கரை ஊர்களில் இது இன்னும் மோசம். உறையாத ஏரிக்கு மேலாகக் குளிர்காற்று வந்து, ஈரத்தை அள்ளி, கரையில் ஒரே பட்டையாகக் கொட்டும். 2024 நவம்பர் கடைசியில் கிரேவன்ஹேர்ஸ்ட் பக்கம் சில நாளுக்குள் ஒரு மீற்றருக்கு மேலே கொட்டி, 11ஆம் இலக்க நெடுஞ்சாலையையே மூடினார்கள். கூடாரப் பெட்டியில் இத்தனை கிலோ தாங்கும் எண்டு ஒரு எண் இருக்கா எண்டு பாருங்கோ. இல்லாவிட்டால் நாலு பருவம், கடும் உழைப்பு எண்ட சொற்களெல்லாம் வெறும் அலங்காரம்.

இப்ப தலைப்புக்கு வருகிறேன்.

2009இல் நாங்கள் செட்டிகுளத்தில், மெனிக் பாமில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. மழைக்கு தறப்பாள் நடுவில் தொய்ஞ்சு குளமாகும். அம்மா விளக்குமாத்துத் தடியால் உள்ளுக்கிருந்து மெல்லத் தூக்கிவிடுவா. தண்ணி ஓரத்தால் சளார் எண்டு ஊத்தும். நாங்கள் அதுக்குக் கீழே வாளி பிடிப்போம். தறப்பாளுக்குக் கீழே வாழ்ந்த ஆருக்கும் அது கையிலேயே இருக்கிற அறிவு. ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. தொய்ஞ்சால் உள்ளே போ, தடியை எடு, குத்து.

என்னோடு வேலை செய்த அண்ணையும் அதே தறப்பாளுக்குக் கீழே இருந்து வந்தவர்தான். எங்களுக்கு இரண்டு வலயம் தள்ளி. கனடாவில் ஒரு காம்ப்சைற்றில் விறகு அடுக்கும்போதுதான் அது தெரியவந்தது. "அப்ப நீ அந்தக் கிணத்தடி வரிசையில நிண்டு அழுத பெடியனோ?" எண்டு பகிடி விடுவார். நான்தான் எண்டு சொல்லுவேன். வரிசையில் அழாத பெடியன் அங்கே ஆர்?

இரண்டாம் வருசம் மாசி மாதம். வெள்ளி இரவு முழுக்கப் பனி. சனி விடியப்புறம் அது மழையாகிப் பெய்து, வெளிக்கும்போது திரும்ப உறையத் தொடங்கியது. நாங்கள் ஆறரைக்குப் போகும்போது கூடாரத்தின் முதுகு ஆட்டுக்கல்லுமாதிரி உள்ளே குழிஞ்சு கிடக்கு. அண்ணை மண்வாரியின் கைப்பிடியைத் திருப்பிப் பிடிச்சுக்கொண்டு நேரே உள்ளே போனார். நானும் பின்னாலே போனேன். எனக்கு அதில் பிழை ஒண்டும் தெரியவில்லை. அவர் செய்தது எங்கள் அம்மா செய்ததைத்தானே.

குத்தினார். பனி நகரவில்லை. தண்ணி எண்டால் உயர்ந்த இடத்திலிருந்து பதிஞ்ச இடத்துக்கு ஓடும், தூக்கினால் ஓரத்துக்கு வந்துவிடும். ஈரப்பனி ஓடாது. அது ஒரு பலகை. நடுவில் தூக்கினால் பலகை இரண்டாக உடைஞ்சு இரண்டு பக்கமும் சாயும், ஒரு பக்கம் முதலில் வழுக்கும். வளைவுக் குழாய் இரண்டு பக்கமும் ஒரே அளவாக அமுக்கினால் ஓரளவு தாங்கும். ஒரு பக்கம் மட்டும் பாரம் நிண்டால் முறுகும். அதுதான் நடந்தது. அந்தத் தொங்கலில் இருந்த மூன்றாவது வளைவு, சத்தமே இல்லாமல், நூடில்ஸ்மாதிரி மடங்கினது. பிறகு இரண்டாவது. "வெளியால ஓடடா" எண்டு அண்ணை கத்தினது மட்டும் கேட்டது. நான் வாசல் பக்கம் நிண்டபடியால் இரண்டு எட்டில் வெளியே. அவர் வருமுன்னம் துணி வந்துவிட்டது. பனி அள்ளுகிற மெசினின் கைப்பிடியில் ஒரு குழாய் வந்து தங்கி, அதுக்குக் கீழே ஒரு முழங்கால் உயர இடைவெளி. அதாலே தவழ்ந்து வந்தார். முழங்கையில் தோல் உரிஞ்சது, வேறை ஒண்டும் இல்லை. வெளியே வந்து நிண்டு சிரிச்சார். சிகரெட் பத்த வைக்கப் பாத்தார், கை நடுங்கி லைற்றர் பிடிபடவில்லை. மெசினை அந்த இடத்தில் விட்டது நான்தான். முதல் நாள் சோம்பலில் மூலைக்குத் தள்ளாமல் நடுவில் விட்டிருந்தேன். அதுக்கு அண்ணை என்னைப் பேசினவர்.

சரியான முறை என்ன எண்டு பிறகுதான் படித்தோம். உள்ளே போகவே கூடாது. வெளியே நிண்டு, நீளக் கம்பில் பூட்டின மெத்தையான தும்புத்தடி அல்லது இழுவை வாரியால், இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்து விழுத்த வேண்டும். பத்துப் பதினைந்து சென்ரிமீற்றர் சேர்ந்தவுடனேயே. விடியட்டும் எண்டு விடக்கூடாது. இரும்பு மண்வெட்டி தொட்டால் துணி போச்சு. விழுத்தின பனி அடியில் சேர்ந்து பக்கச்சுவரை உள்ளே தள்ளும், அதையும் அள்ளிக் கொட்ட வேண்டும். மரத்துக்குக் கீழே கூடாரத்தை நிறுத்தினால் கொப்பில் சேர்ந்த பனி ஒரே குவியலாக விழும். காற்று மறைப்புக்கு நல்லது எண்டு எங்கள் முதலாளி நிறுத்தினது சரியாக ஒரு பைன் மரத்துக்குக் கீழே.

இதையெல்லாம் வாசிச்ச பிறகு எனக்கு வந்த கேள்வி ஒண்டுதான். கொட்டிக்கொண்டிருக்கிற இரவில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழும்பி ஆர் இதைச் செய்வது? முதலாளி நாற்பது நிமிசம் தள்ளி, நகரத்தில், ஓட்டு வீட்டில் படுக்கிறார். மரக்கொட்டில் அடிக்காமல் மிச்சம்பிடித்த காசு எங்கேயோ காற்றில் வந்ததில்லை. அது எங்கட நித்திரையிலிருந்து போனது. கையேட்டில் உடனுக்குடன் அகற்றவும் எண்டு எழுதுகிறவருக்கு அது ஒரு வரி. அந்த வரிக்குள் ஒரு ஆள் நிற்கிறான், மைனஸ் பதினெட்டில், தலையில் லைற் கட்டிக்கொண்டு.

விழுந்தால்தான் நட்டம் எண்டும் இல்லை. விழாமல் நிண்ட முதல் வருசமே விறகு கெட்டது. இதை ஆரும் எதிர்பார்க்க மாட்டார்கள், மேலே கூரை இருக்கே எண்டுதான் நினைப்போம். ஈரம் மேலே இருந்து வரவில்லை, கீழே இருந்து வந்தது. பனியால் மூடின நிலம் வெளிக்காற்றைவிடச் சூடு. அதிலிருந்து நீராவி எழும்பி, குளிர்ந்த துணியின் அடியில் பட்டு உறைபனியாகப் படியும். வெயில் எறிச்சவுடன் அது உருகி உள்ளேயே மழைமாதிரிச் சொட்டும். காற்றுப் போகாமல் நல்லாக இறுக்கிக் கட்டினால் இன்னும் மோசம். சல்லி போட்டு, அதுக்கு மேலே நிலத்துணி விரித்து, மரத்தட்டில் விறகை ஏற்றி, இரண்டு தொங்கலிலும் மேலே காற்றுவழி விட்டிருக்க வேண்டும். நாங்கள் புல்லுக்கு மேலே அடுக்கினோம்.

ஈர விறகு ஒரு சின்ன விசயம் எண்டு நினைக்காதையுங்கோ. மரம் தின்னுகிற பூச்சிகள் பரவாமல் இருக்க, விறகை ஊர் விட்டு ஊர் கொண்டு போகாதே எண்டு அங்கே எல்லா இடமும் சொல்லி வைச்சிருக்கினம். ஆகவே வருகிற ஆக்கள் காம்ப்சைற்றில் விற்கிற விறகைத்தான் நம்பி வருவார்கள். ஒரு இரவு, மைனஸ் இருபத்திரண்டு, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஒரு குடும்பம். நான் விற்ற விறகு புகையை மட்டும் கக்கினது. பதினொரு மணிக்கு அந்தத் தகப்பன் கூடாரத்தைக் கழற்றாமலே பிள்ளைகளைக் காருக்குள் தூக்கி வைச்சு ஹீற்றரைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டுப் போனார். திட்டவில்லை. காசும் திருப்பிக் கேட்கவில்லை. எனக்கு அது திட்டினதைவிடக் கூடப் போச்சு.

இன்னொண்டு. இதை நான் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன், ஏனெண்டால் விஞ்ஞானம் படிச்ச ஆள் நான். உறைஞ்ச விறகைப் பிரிச்சு அடுக்க உள்ளே குளிர் தாங்காது எண்டு முதலாளி காஸ் ஹீற்றர் ஒண்டு கொண்டுவந்து தந்தார். அன்பாகத்தான் தந்தார். காற்று அடிச்சபடியால் வாசல் துணியை இறக்கிவிட்டு வேலை செய்தோம். ஒரு மணித்தியாலத்தில் எனக்கும் அண்ணைக்கும் தலையிடி, ஓங்காளம். குளிர் பிடிச்சிட்டுது, பிளேன்ரீ குடிப்பம் எண்டு வெளியே வந்தோம். பத்து நிமிசத்தில் சுகம். திரும்ப உள்ளே போனோம், திரும்பத் தலையிடி. அப்பதான் எனக்கு உறைத்தது. கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒன்ராறியோவில் வூட்ஸ்ரொக் எண்ட நகரில் 2008 டிசம்பரில் ஒரு வீட்டில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் அதாலேயே செத்தார்கள். 2013இல் வீடுகளுக்கு அலாரம் கட்டாயமாக்குகிற சட்டம் அவர்களுடைய பேரில்தான் வந்தது. களஞ்சியக் கூடாரத்துக்குள் அலாரம் வை எண்டு ஆரும் வந்து சொல்லப்போவதில்லை. எங்கட ஆக்கள் பின்வளவில் இந்தக் கூடாரத்தை நிறுத்தி, பனிக்காலப் பிறந்தநாளுக்கு அதுக்குள்ளேயே கரி மூட்டி இறைச்சி வாட்டுகிறதையும் நான் பாத்திருக்கிறேன். தயவுசெய்து. ஒரு பக்கம் திறந்து இருக்கே எண்டு சொல்லாதையுங்கோ. பனி குவிஞ்சால் அந்தப் பக்கமும் மூடும்.

இதில் எதிர்க்கருத்து இல்லாமல் இல்லை. கியூபெக்கில் போய்ப் பாருங்கோ, பனிக்காலத்தில் வீதி முழுக்க வெள்ளைத் துணிக் கூடாரம். கார் நிறுத்துகிறதுக்கு. ரெம்போ எண்ட ஒரு கொம்பனியின் பேர் அந்தச் சாமானுக்கே பேராகிவிட்டது, பனடோல்மாதிரி. மொன்றியலில் இருக்கிற என்ரை சித்தப்பா இதை வாசிச்சால் "பதினைஞ்சு வருசமா வைச்சிருக்கிறன், உனக்கென்னடா தெரியும்" எண்டு கேட்பார். சரிதான் சித்தப்பா. ஆனால் அங்கே மாநகரசபைகளே காலம் குறிச்சு வைச்சிருக்கு, ஒக்ரோபர் நடுவில் ஏற்று, ஏப்ரல் நடுவில் இறக்கு எண்டமாதிரி. அது பனிக்கெண்டே செய்த கூடாரம், குழாய் நெருக்கம், முதுகு கூர்மை, பனி தானாக வழுக்கும். முக்கியமாக, அது உங்கட குசினி யன்னலுக்கு நேரே நிற்கிறது. இரவு தண்ணி குடிக்க எழும்பினால் கண்ணில் படும். சித்தி விளக்குமாத்தோடு வெளிக்கிடுவா. கூடாரத்துக்குப் பக்கத்தில் ஆள் குடியிருந்தால் கூடாரம் நிற்கும். வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு போகிற காம்ப்சைற்றில் திங்கள் இரவு பனியை ஆர் பாப்பது?

முதலாளியின் நியாயம் வேறை. மரக்கொட்டில் அடிக்க அனுமதி எடுக்க வேணும், மாதக்கணக்காகும் எண்டார். நானும் நம்பினேன். ஆனால் 2022இலிருந்து ஒன்ராறியோவில் 15 சதுர மீற்றருக்குள், ஒரு தட்டில், தண்ணிக்குழாய் இல்லாத தனிக் களஞ்சியக் கொட்டிலுக்குக் கட்டட அனுமதி தேவையில்லை. எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிறுத்த வேணும் எண்டமாதிரி ஊர் விதிகளைப் பாக்க வேணும், அவ்வளவுதான். ஒரு பெரிய கூடாரத்துக்குப் பதில் இரண்டு சின்ன மரக்கொட்டில், ஒண்டு விறகுக்கு, ஒண்டு சாமானுக்கு. விறகுக் கொட்டிலுக்கு பக்கச்சுவர் இடைவெளி விட்டு அடிச்சால் காற்றும் போகும். முதல் வருசம் செலவு கூடத்தான். ஆனால் வெயில் பட்டுப் பட்டுப் பொலித்தீன் துணி சில வருசத்தில் பொரிஞ்சு போகும், திரும்ப வாங்க வேணும். எங்கட இடத்தில் குழாயும் சேர்ந்து போச்சு.

கூடாரமே வேண்டாம் எண்டு நான் சொல்லவில்லை. மே மாதத்திலிருந்து ஒக்ரோபர் வரை அதைப்போல உதவி இல்லை. மழைக்கு மறைப்பு, சைக்கிள் வைக்க இடம், ஒரு நாளில் இடம் மாற்றலாம். பனிக்கு முதல் துணியைக் கழற்றுங்கோ. எலும்புக்கூடு நிண்டால் நிற்கட்டும், குழாயில் பனி தங்காது. உள்ளே இருந்ததை என்ன செய்வது எண்டால், அநேகமானது அங்கே இருக்கவே கூடாத சாமான்கள். சார்ஜ் இறங்கின கார் பற்றரி உறைஞ்சு வெடிச்சுப் பிளக்கும். லிதியம் பற்றரியைச் சைபருக்குக் கீழே சார்ஜ் போட்டால் பழுதாகும். புரொப்பேன் சிலிண்டர் காற்றோட்டமான வெளியில், நிமிர்ந்து நிற்க வேண்டும், ஒழுகினால் அந்தக் காஸ் காற்றைவிடப் பாரம், தரையில் தங்கும். மெத்தை, கூடாரத்துணி வைச்சால் எலி குடும்பம் நடத்தும். தண்ணி உறையும்போது ஒன்பது வீதம் பெருக்கும், அதனால் கானும் குழாயும் போகும். அண்ணை கறிக்கு எண்டு கொண்டுவந்து வைச்ச தேங்காய்ப்பால் ரின்கள் பந்துமாதிரி வீங்கி நிண்டதைப் பாத்துவிட்டு வெள்ளைக்காரப் பெடியன் ஒருத்தன் வெடிகுண்டோ எண்டு கேட்டான். எங்களைப் பாத்தா அந்தக் கேள்வியைக் கேட்க வேணும்.

இலங்கையிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்குப் பனிக்கூடாரம் எதுக்கு எண்டு தோன்றலாம். ஆனால் உங்கட வகுப்பில் எத்தனை பேர் இப்ப கனடா போறதைப் பற்றிக் கதைக்கினம்? போனவுடன் கிடைக்கிற வேலை இதுமாதிரித்தான். பண்ணை, காம்ப்சைற், களஞ்சியம். கனடாவில் வேலையெண்டால் எல்லாம் சட்டப்படிதான் இருக்கும் எண்டு நினைச்சுப் போவீர்கள். நானும் அப்படித்தான் போனேன். சட்டம் இருக்கிறது, உண்மை. ஒன்ராறியோவில் தொழில் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, ஆபத்து எண்டு நியாயமாக நம்பினால் வேலையை மறுக்கலாம் எண்டு சொல்கிறது. மேற்பார்வையாளரிடம் உடனே சொல்ல வேணும், அவர் உங்களை வைச்சுக்கொண்டே வந்து பாக்க வேணும், தீராவிட்டால் தொழில் அமைச்சின் பரிசோதகர் வரவேணும். மறுத்ததுக்காக வேலையால் நிப்பாட்டக்கூடாது. ஆனால் அந்த மாசிச் சனிக்கிழமை, இது சட்டம் எண்டு எனக்கு ஆரும் சொல்லியிருந்தாலும் நான் உள்ளே போயிருப்பேன். ஏனெண்டால் எனக்கு அது ஆபத்தாகத் தெரியவே இல்லை. தொய்ஞ்ச தறப்பாளுக்குக் கீழே நிற்பது எனக்கு வீட்டுக்குள் நிற்பதுமாதிரி இருந்தது. முதலாளி மேலில் எனக்கு இருக்கிற கோபத்தைவிட இதுதான் கனநாள் மனதில் கிடந்தது. அனுபவம் இருக்கிற ஆள் எண்டுதானே அவர் எங்களை எடுத்தவர். "நீங்கள் கூடாரத்தில் வளர்ந்த ஆக்கள்தானே" எண்டு ஒருநாள் சொன்னார், பாராட்டாக.

நான் இப்ப அங்கே இல்லை. அண்ணை இன்னும் இருக்கிறார், குடும்பம் இருக்கு, விசா இழுபடுது. போன ஒக்ரோபரில் வட்சப்பில் படம் ஒண்டு அனுப்பினார். புதுக் கூடாரம். அதே நீளம், அதே அகலம். பைன் மரத்திலிருந்து மட்டும் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருக்கினம். ஏன் அண்ணை திரும்பவும் இதையே வாங்கினவர் எண்டு கேட்டேன்.

"கழிவு விலையில வந்ததாம்" எண்டு குரல்பதிவு வந்தது. "வேலைக்குப் புதுசா ரெண்டு பெடியள் வந்திருக்கிறாங்கள், ஒருத்தன் கிளிநொச்சி. தடியோட உள்ளுக்குப் போனியெண்டா காலை முறிப்பன் எண்டு சொல்லிப்போட்டன்."